இறவாரப் பலகையைப் பழுது பார்த்த குற்றம்

கரமனை,
கொல்லம் 1113 மேடம் 22

சிரஞ்சீவி நாகேஸ்வரனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். என்னைக் கேட்காமல், பம்பாயில் இருந்தபடியே தச்சனை ஏற்பாடு செய்து, நம் வீட்டு வாசல் கூரை விளிம்பில் அடித்திருக்கும் இறவாரப் பலகையைப் பழுது பார்க்கச் செய்தது நீ எனக்குச் செய்த அநியாயம். மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

நாலு வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் அந்தப் பலகையைப் பற்றி எழுதினேன். மழை குடித்து உப்பிவிட்டது, தொட்டால் உதிர்கிறது, லீவு எடுத்து வந்து பார் என்று எழுதினேன். நீ முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறாய்.

திங்கட்கிழமை காலையில் தாசையன் என்ற தச்சன் உன் கடிதத்தோடு வந்து நின்றான். "மகன் எழுதியிருக்கு சாமி. இடவப்பாதி மழைக்கு முன்னே தீர்த்துத் தரணுமாம்" என்றான். மகன் வந்து பார்த்த பிறகுதான் தொடலாம் என்றேன். "மகன் வரும்போ பலகை காணாது, கேட்டோ" என்று ஏணியைச் சாத்திவிட்டான். மோசமான வேலைக்காரனாக இருந்தாலாவது உனக்குப் புகார் எழுதியிருப்பேன். அதற்கும் வழியில்லை. பலகையைக் கழற்றி, உளுத்த நுனியை அறுத்தெறிந்து, ஆஞ்சிலி மரத்துண்டு ஒட்டுப் போட்டு, வெயில் தின்ற முகத்தை உட்புறம் திருப்பி, உளுக்காமலிருக்கக் கொல்லாங்கொட்டை எண்ணெய், அதுதான் முந்திரித் தோட்டு எண்ணெய், இரண்டு தரம் பூசிவிட்டான். ஒட்டு எங்கே என்று கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன், அகப்படவில்லை. "இனி இருபது வருஷத்துக்கு நோக்க வேண்டாம் சாமி" என்று வேறு சொன்னான். எனக்கு இப்போது அறுபத்தெட்டு. இருபது வருஷத்துக்கு நான் எதைச் சொல்லி உன்னை வரச் சொல்லுவேன்?

உன் அம்மா, "பாக்கணும்னு ஆசையா இருக்குன்னு ஒரு வரி எழுதிப்பிடுங்கோளேன். பலகை என்ன பாவம் பண்ணித்து?" என்கிறாள். நான் பள்ளிக்கூடம் போகாமல் கோவில் நோட்டீசும் கோர்ட்டு நோட்டீசும் எழுத்துக் கூட்டிப் படித்துத் தேறியவன். இரண்டிலும் அந்த மாதிரி வரி கிடையாது.

ஆகையால் நீ சிரமப்பட்டு வர வேண்டாம். ஆபீஸ் வேலையைப் பார். எண்ணெய் தேய்த்துக் குளி. பகவான் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும்.

உன் அப்பா,
பிச்சுமணி

பின்குறிப்பு: இன்று மத்தியானம் உன் அம்மா கண்ணயர்ந்த நேரத்தில், இரவல் ஏணியில் ஏறி, கிழக்குக் கோடியில் மூன்று ஆணிகளைப் பிடுங்கிவிட்டேன். பலகை ஒரு சாண் தொங்குகிறது. மழைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. தாசையனுக்கு எழுதக் கூடாது. ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டியது நான். கீழே நின்று என்னைத் திட்ட வேண்டியது உன் அம்மா. லீவுக்கு எழுதிக் கொடுத்து, ரயிலேறி, தம்பானூரில் இறங்கி, சுத்தியலோடு மேலே ஏற வேண்டியது நீ.