எருமை கட்டிய ஷாஃப்ட்

புத்தலப்பட்டு,
திங்கட்கிழமை.

சேஷாசலம் ஜீப் சங்கத்தின் செயலாளரும் அதன் வெள்ளிவிழா மலரின் ஆசிரியருமான மதிப்பிற்குரிய திருவேங்கடம் அவர்களுக்கு, கன்னையா மகள் தேன்மொழி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், நைனா (என் அப்பா), ஜீப் மூவரும் நலம். ஜீப் மட்டும் காலையில் கொஞ்சம் இருமுகிறது. திருப்பதியில் தாங்களும் தங்கள் இரண்டு ஜீப்புகளும் நலமாக இருக்க வேண்டும்.

தங்கள் பதில் கிடைத்தது. நான்கு வரி. என் ஜீப்பைச் சங்கத்தில் சேர்க்க முடியாது. காரணம், விதி நான்கு: முன் சக்கரங்களும் இழுக்க வேண்டும். என் ஜீப்பில் எஞ்சினின் விசையை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் இல்லை. உண்மை. ஆனால் அடியில் பேனாவால், “இது மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஆகும் வண்டி” என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பலமுறை படித்தேன். ஒவ்வொரு முறையும் என் முடிவு கெட்டியானது. வரும் ஞாயிறு, சங்கத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு நாளில், சொர்ணமுகி ஆற்று மணலைத் தாண்டும் வரிசையில் என் ஜீப்பும் நிற்கும்.

இதில் எனக்கு என்ன என்று கேட்கலாம். நைனா முப்பது வருடம் மாங்காய் மண்டிக்கு லோடு ஏற்றியவர். ஜீப்பின் பின்படியில் தொங்கிக்கொண்டு போவார். தொங்கிக்கொண்டு வருவார். உள்ளே உட்கார்ந்ததில்லை. கூடைகளுக்கு இடம் வேண்டும். நான் எம்.ஏ. படித்தேன். வேலைக்குப் போனேன். ஒரு ஜீப் வாங்கினேன். அதன் முன்சீட்டில் அவர் உட்கார வேண்டும், சங்கக் கொடி பறக்க வேண்டும், ஆற்றைத் தாண்ட வேண்டும். வாங்கிய அன்று சீட்டைத் துடைத்துத் தட்டிக் காட்டினேன். அவர் போய்ப் பின்படியில் ஏறி நின்றுகொண்டார்.

“நீ போம்மா. எனக்கு இங்க நின்னுகினு வந்தாதான் வண்டி போற மாதிரி கீது.”

கண்ணாடியில் அவருடைய துண்டு மட்டும் தெரிந்தது.

வண்டியை வாங்கியது இதே ஊர் சென்னம்மா அக்காவிடம். அவர் மாந்தோப்பில், வைக்கோலுக்கு அடியில், எழுபத்து நான்காம் வருடத்துப் பச்சை ஜீப். டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை பேச்சே இல்லை என்றார் அக்கா. பதினோரு நாள் காத்திருந்தேன். பிறகு சித்தூரிலிருந்து மெக்கானிக் பக்கிரிசாமியை அழைத்து வந்தேன், அவர் வண்டிக்கு அடியில் போனார், முதலில் சிரிப்புச் சத்தம் வந்தது, அப்புறம் ஒரு பாம்புச் சட்டை வந்தது, அப்புறம் பக்கிரிசாமி வந்தார். “யம்மோவ், முன் ஷாஃப்டே இல்ல. டீசல் மிச்சமாவும்னு எவனோ கழட்டிகினான்.” நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“எங்கயும் போவல. அதோ கீது பாரு.”

கொட்டகையில் எருமை நின்றிருந்தது. அது கட்டப்பட்டிருந்த முளை இரும்பு. தலையில் கவை. கயிறு மாட்ட அளவெடுத்துச் செய்ததுபோல. என் ஷாஃப்ட்.

இனி சங்கத்தின் வரலாற்றுக்கு வருகிறேன். மலரின் மூன்றாம் பக்கத்தில் வரப்போவதைத் தாங்களே எனக்கு அனுப்பியிருந்தீர்கள். இரண்டாயிரத்து ஒன்றில் ஐந்து ஜீப்புகள் சொர்ணமுகியைத் தாண்டப் போயின. நான்கு மணலில் சிக்கின. நம் தலைவர் ரமணா அவர்கள் தம் பச்சை ஜீப்பில் நான்கு சக்கரக் கியரைப் போட்டு நான்கையும் இழுத்துக் கரை சேர்த்தார். கரையிலேயே சங்கம் பிறந்தது. பக்கத்தில் படம். படத்தில் பச்சை ஜீப். அதன் நம்பரைப் பார்த்தேன். என் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரே நம்பர். நம் சங்கத்தைப் பெற்ற தாய் என் வீட்டு வாசலில் ஆயில் ஒழுகிக்கொண்டு நிற்கிறாள்.

சந்தோஷத்தில் அக்காவிடம் ஓடிப்போய்ப் படத்தைக் காட்டினேன். அவர் பிறந்த வீடு அந்த ஆற்றங்கரையில்தான்.

“இழுத்தாரா? யாரு, அவரா?” என்றார். “எனக்கு அப்போ பதினேழு வயசு. அஞ்சு வண்டியும் மணல்ல குந்திகினு கீது. பச்ச வண்டிக்காரர் கியரப் போட்டுகினே இருக்கார், பின்சக்கரம் கெணறு வெட்டுது. எங்க நைனா ரெண்டு எருமைக்கடாவ ஓட்டிகினு போய் அஞ்சையும் இழுத்துப் போட்டார். கூலி இன்னா வேணும்னார் அவர். வண்டி பின்னால இந்த ஷாஃப்ட் சும்மா கெடந்துச்சு. அத்த குடு, முளைக்கு ஆவும்னார் நைனா.”

“முளை இங்கே எப்படி வந்தது?”

“கண்ணாலத்துக்குச் சீரா எருமைக்கன்னு குடுத்தாங்க. முளையோட.”

“வண்டி?”

“அப்பால இத்த விக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க கடா இழுத்த வண்டி வேற எவன் ஊட்டுக்குப் போறது? ஊட்டுக்காரர்கிட்ட சண்ட போட்டு வாங்கினேன்.”

“அப்போதே ஷாஃப்டை மாட்டியிருக்கலாமே அக்கா!”

“மாட்டிட்டா? எருமைய உன் கழுத்துலயா கட்டறது?”

ஐயா, யோசியுங்கள். முன் ஷாஃப்ட் இல்லாத வண்டி சங்கத்துக்கு ஆகாது என்றால், சங்கத்தைத் தொடங்கிய வண்டியே சங்கத்துக்கு ஆகாது. அன்றைக்கு ஆகும் என்றால் இன்றைக்கும் ஆகும். இரண்டில் ஒன்றைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் மூன்றாம் பக்கத்தைத் திருத்த வேண்டும். இழுத்தவை எருமைக்கடாக்கள், இரண்டு, என்று போட வேண்டும். அவற்றின் படம் கிடைக்காது. இப்போதைய எருமையின் படம் தரத் தயார். மறுத்தால், ஞாயிறன்று ஆற்றங்கரையில் மைக் பிடித்துச் சொல்வேன். எனக்கு மேடைக் கூச்சம் உண்டு. இருந்தாலும் சொல்வேன்.

தங்கள் வீட்டாருக்கு என் வணக்கம். தங்கள் வண்டிகளின் பட்டை ஸ்பிரிங்குகள் முறியாமலும் ரேடியேட்டர்கள் கொதிக்காமலும் ஏழுமலையான் பார்த்துக்கொள்ளட்டும்.

தங்கள் சங்கத்தில் சேர்ந்தே தீரப்போகும்
தேன்மொழி

பி.கு.: புதன், மாலை நான்கு மணி. சொர்ணமுகி மணலில், ஜீப்பின் பானட்டில் வைத்து எழுதுகிறேன். மேலே உள்ளது எதையும் அச்சில் ஏற்ற வேண்டாம்.

நடந்தது இது. நேற்று ஒரு கல் முளை வாங்கிக் கொடுத்தேன். அக்கா ஷாஃப்டைப் பிடுங்கிக் கொடுத்தார். பக்கிரிசாமி மூட்டுகளை மாற்றி மாட்டினார். இன்று ஒத்திகைக்கு வந்தோம். “என் முளை போற எடத்துக்கு நானும் வருவேன்” என்று அக்காவும் ஏறிக்கொண்டார். நான்கு சக்கரமும் இழுத்தன. ஐயா, இழுத்தன! பாதி ஆறுவரை. பிறகு நான்கும் சேர்ந்து தோண்டின. “முன்னால வெயிட் வேணும்!” என்று கத்தினார் பக்கிரிசாமி. நைனா பின்படியிலிருந்து இறங்கி வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது.

ஞாயிறுக்குத் தடம் பார்க்கத் தலைவர் தம் புது வண்டியையும் சேர்த்து நான்கு ஜீப்புகளோடு வந்திருந்தார். “ஏம் காதம்மா, ஒண்ணும் ஆகாது, நான் இழுத்துடறேன்” என்றார். இப்போது ஐந்தும் மணலில். அக்காவின் தம்பி கோபிகிருஷ்ணன் இரண்டு எருமைகளை ஓட்டிக்கொண்டு வருகிறார். தலைவர் பச்சை ஜீப்பை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். “மலர்ல இதெல்லாம் வராதுல்ல?” என்று மெல்லக் கேட்டார். வராது என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் பக்கம் இருந்தபடியே இருக்கட்டும்.

நைனா இன்னும் இறங்கவில்லை. “சொகுசா கீதும்மா. வண்டி நின்னுகினு இருந்தா பயமில்ல.”

ஒரே ஒரு திருத்தம் போதும். அக்கா இந்த முறையும் கூலி கேட்கிறார். போன தடவை கொடுத்த முளை இருபத்தைந்து வருடம் உழைத்ததாம், இப்போது அவர் தம்பியிடம் எருமை இரண்டு. அக்கா தலைவரின் புது வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கிரிசாமி ஏற்கெனவே உள்ளே போய்விட்டார். ஆகவே, ஞாயிற்றுக்கிழமைக்குள் விதி நான்கை நீக்கிவிடுங்கள். எனக்காக இல்லை. தலைவருக்காக.