பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

ஹஸன் பன்றியில் வந்து மாட்டிக்கொண்டான்.

அதிர்ஷ்டம் அடித்தால் ஜேர்மன்காரன் 'பன்றி கிடைத்தது' என்பானாம். செத்துப்போனால் 'புல்லைக் கடித்தான்'. ஜேர்மன் மொழிப் பெரிய பரீட்சைக்கு இப்படிப்பட்ட சொலவடைகளைப் புத்தகம் முழுக்கப் பாடமாக்க வேண்டும். தவறினால் பெல்மதுளை ஊரிலுள்ள தன் கடையில் தராசு பிடிக்க வேண்டியதுதான் என்று வாப்பா சொல்லிவிட்டார். பரிந்து பேச உம்மாவும் இல்லை. போன வருஷம் மவுத்தாகிவிட்டார்.

அவனுக்குத் தெரிந்த ஒரே படிப்பு, குர்ஆன் ஓதப் பழகிய விதம்தான்: சம்மணமிட்டு, முன்னும் பின்னும் ஆடி, இராகம் போட்டு உரத்துச் சொல்வது. அப்படி ஜேர்மன் பன்றியை இராகத்தில் இழுத்துக்கொண்டிருந்தபோது, அவனை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு ஆஸியா வந்து நின்றாள்.

"நானா, உம்மா காய்ச்சல்ல படுத்திருக்காங்க. நீங்க ஓதுறத்தக் கேட்டுத்தான் இன்டைக்குக் கஞ்சி குடிச்சாங்க. இன்னும் சத்தமா ஓதட்டாம்."

ஹஸன் புத்தகத்தை மூடினான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். நோயாளியிடம் போய், அது ஓதல் இல்லை, பன்றி என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் வாய்க்குள்ளேயே படித்தான். ஆஸியா ஓடி வந்தாள்.

"உம்மா கஞ்சிக் கோப்பையத் தள்ளிட்டாங்க!"

சுவரை விட்டு விலகிப் படிக்கலாமென்று புத்தகத்தோடு கிணற்றடிக்குப் போனான். ஆஸியாவின் உம்மா உம்மு குல்தூமின் கட்டில் அவர்கள் வீட்டுப் பின்கதவோரம் வந்துவிட்டது.

பன்றியை மட்டும் விட்டுவிட்டுப் பாடினான்.

"நானா, நேத்து ஓதினத்துல கொஞ்சம் கொறையுதாம்."

"அல்லாஹ்வே! ஒங்கட உம்மா எண்ணிக்கிட்டா படுத்திருக்காங்க?"

வேறு வழியில்லை. தினமும் முழுப் புத்தகத்தையும் பாடினான். ஒவ்வொரு பன்றிக்கும் மனதுக்குள் பாவமன்னிப்புக் கேட்டான். வீதியில் போன தாஸிம் முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு பயபக்தியோடு நடந்தார்.

பரீட்சையில் ஹஸன் தேறினான். கத்திக் கத்தியே எல்லாம் நெஞ்சில் ஏறியிருந்தது. அந்த நன்றி ஒரு பக்கம், ஏமாற்றிய குற்ற உணர்வு ஒரு பக்கம். வாழைப்பழச் சீப்போடு பக்கத்து வீட்டுக்குப் போனான். உம்மு குல்தூம் திடமாக உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, மாப் பண்ணுங்க. நான் ஓதினது ஓதலே இல்ல."

"அது தெரியாதா மகன்? எத்தன புள்ளைகளுக்கு ஓதிக் குடுத்தவ நான்!"

"அப்ப எதுக்கு ஓத ஓதச் சொன்னீங்க? காய்ச்சல்..."

"காய்ச்சல் அடுத்த நாளே போயிட்டு. 'சத்தம் போட்டுப் படிச்சாத்தான் அவனுக்கு ஏறும், கொரல் நின்டா விட்டுடாதீங்க'ண்டு, மவுத்தாகுற அன்டைக்கு உங்கட உம்மா என்ட கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னாங்க மகன்."