பொறாமை ஆலோசகர்

உண்மையைக் கண்டுபிடிக்க மனித குலம் இத்தனை நூற்றாண்டுகளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டது வீண் வேலை. எங்கள் வீட்டுக் கூடத்தில், மூன்றே அமர்வுகளில், பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே ஒரு சினிமாக் கம்பெனி அதைக் கண்டுபிடித்துவிட்டது. கூட இருந்து பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது. அந்த உண்மையில் வில்லனே நான்தான் என்பதால் என்னை விட்டுவிட்டு நடத்த முடியவில்லை.

என் தங்கை வயலின் மேதை. அண்ணன் என்ற முறையில் சொல்லவில்லை. அவள் வாசிக்க ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் துளை போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். நான் வாத்தியங்களைப் பழுதுபார்க்கிறவன். வீட்டு முன்னறைதான் பட்டறை. அவள் வாசிப்பாள், நான் கம்பி மாற்றுவேன். இந்த ஏற்பாட்டில் இத்தனை வருடமாக யாருக்கும் மனக்குறை வந்ததில்லை. அவள் வாழ்க்கையைப் படமாக்க வந்த இயக்குநருக்குத்தான் வந்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் சண்டையே வந்ததில்லையா?" என்று முதல் அமர்வில் கேட்டார்.

தங்கை வெகுநேரம் யோசித்தாள். "ஒரு தடவை அண்ணன் என் துண்டை எடுத்துத் தலை துவட்டிடுச்சு."

உதவி இயக்குநர் நோட்டில் 'துண்டு' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

"துண்டை வச்சு ரெண்டரை மணி நேரம் ஓட்ட முடியாதும்மா," என்று இயக்குநர் வருத்தப்பட்டார். "மேதைன்னா பக்கத்துல ஒருத்தருக்கு வயிறு எரியணும். இல்லேன்னா மேதைன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாசிச்சா தெரியாதா?" என்று அம்மா கேட்டாள். சினிமா தெரியாதவள்.

இரண்டாம் அமர்வில் என் பொறாமை ஒருமனதாக நிறைவேறியது. மாடிப்படியில் வைத்து அண்ணன் தங்கையின் வயலினை உடைப்பதாகத் தீர்மானம். அவள் படம் நன்றாக வரட்டுமே என்று நானும் தலையாட்டினேன். மூன்றாம் அமர்வில் என்னைப் 'பொறாமை ஆலோசகர்' ஆக நியமித்தார்கள். என் வேடத்தில் நடிப்பவருக்கு வயிறு எரியக் கற்றுக்கொடுப்பது என் பணி. எனக்கு அது சரியாக வராததால் அவரே எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

உடைப்பதற்குப் போலி வயலின் ஒன்றை நானே செய்தேன். வெறும் ஒட்டுப்பலகைதான், ஆனால் நிறம், கழுத்து, ஓரத்துக் கீறல்வரை அச்சு அசல். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன். கிட்டத்தில் காட்டும் ஷாட்டுக்குத் தங்கையின் நிஜ வயலின், உடைக்கும் ஷாட்டுக்குப் போலி. மாறிவிடக் கூடாதே என்று போலியின் முதுகில் சிவப்புக் காகிதம் ஒட்டி, எல்லோருக்கும் காட்டி, இரண்டு தடவை சொன்னேன்.

அந்தக் கம்பெனியில் 'தொடர்ச்சி' என்றொரு இலாகா உண்டு. முன் ஷாட்டில் இருந்ததெல்லாம் அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க ஒரு பெண். கடமையில் புலி. ஒரு வயலினில் சிவப்புக் காகிதம் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. பார்த்த மாத்திரத்தில் பிசிறில்லாமல் உரித்துப் போட்டுவிட்டாள்.

நடிகர் ஓங்கி அடித்தார். ஒட்டுப்பலகை அப்படிச் சத்தம் போடாது. தங்கை இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரே டேக்ல ஓகே," என்றார் இயக்குநர், கண் கலங்கி. "அந்தச் சத்தத்தைக் கேட்டீங்களா? அதுதான் சார் உண்மை."

"ரெண்டும் ஒண்ணு போல இருக்கணும்னுதானே எடுத்தேன்," என்று தொடர்ச்சிப் பெண் அழுதாள். என் கைவேலைக்கு இதுவரை கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

பன்னிரண்டு நாளில் தங்கைக்குக் கச்சேரி. வேறு எந்த வயலினைக் கொடுத்தாலும் தோளில் சாய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நிஜ வயலினின் மேல்பலகை மூன்றாகப் பிளந்திருந்தது, கழுத்து தனியாக வந்திருந்தது. அவள் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். எனக்குப் பயமாக இருந்தது. மரத்தை ஒட்டிவிடலாம், குரல் திரும்ப வருமா என்று யார் சொல்வது? பதினோராம் நாள் கம்பி பூட்டினேன். அவள் வில்லை வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள்.

"கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கு," என்றாள். "ஆனா பேசுதுண்ணா."

கச்சேரியில் பக்கத்து வீட்டுக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

பிறகு படத்தின் சிறப்புக் காட்சிக்கு எல்லோரும் போனோம். 'இது உண்மைக் கதை' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். மாடிப்படிக் காட்சியில் அரங்கமே என்னைத் திட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அம்மா என் காதோரம் குனிந்தாள்.

"ஏன்டா, அன்னைக்கு நான் எங்கடா போயிருந்தேன்?"

படம் முடிகிற சமயம் தங்கை இயக்குநர் பக்கம் சாய்ந்தாள். "அண்ணன் உடைச்சது வந்துச்சு. ஒட்டினது எங்க சார்?"

"ஒட்டுறதுல டிராமா இல்லைம்மா," என்றார் அவர் பெருந்தன்மையாக.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது திரையில் கடைசி அறிவிப்பு வந்தது: 'இப்படத்தின் தயாரிப்பில் எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை.'

நேர்மையான கம்பெனி. அந்த ஒரு வரியில் மருந்துக்கும் பொய் கிடையாது. அவர்கள் வந்தபோது எங்கள் வீட்டில் விலங்கு எதுவும் இல்லை. ஒரு வயலினும் ஒரு அண்ணனும்தான் அகப்பட்டோம்.