உறைந்ததும் சுட்ட போத்தல்

கோப்பாய் ஊரில் வினாகிரி ஊற்றிப் பார்க்கப்படாத பொருள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. முட்டைக்கோது, சீமெந்து, சிப்பி எல்லாம் முடிந்து, ஒருநாள் கிராமசேவகரின் செருப்பு. கள்ளைப் புளிக்கவைத்து வினாகிரி விற்கும் அந்த மனிதரை ஊர் வினாகிரியர் என்றுதான் அழைக்கிறது.

அவருடைய உச்ச சாதனை சோடியம் அசற்றேற்று என்னும் உப்பு. வினாகிரியில் அப்பச்சோடாவைக் கொட்டுவார், பொங்கும். நுரை அடங்கியதும் மேலே ஆடை படரும்வரை வற்றக் காய்ச்சி, வடித்து, போத்தலில் மூடி, அசையாமல் ஆறவிடுவார். பார்த்தால் வெறும் வெளிறிய தேநீர். அதே உப்பில் ஒரு மணியைப் போட்டால் கண்முன்னே கல்லாக உறையும்; உறையும்போதே சுடும்.

இதற்கு வாசிகசாலையின் பின்னறையைப் பாவித்தார். நாற்றம் தாங்காமல் பத்திரிகை வாசிப்பவர்கள் முறையிட்டார்கள். தலைவரான நான் தீர்ப்புச் சொன்னேன்: "கூட்டத்திலை செய்து காட்டும். சரிவந்தா அறை உமக்கு. பிழைச்சா சட்டி பானையோடை வெளிக்கிடும்."

நான் முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்தவன். இந்தச் சோதனை எனக்கு ஒருமுறைகூடச் சரிவந்ததில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு வருவதா? பொறாமை, வேறு சொல் இல்லை. கூட்டத்தன்று, பரிசோதிப்பதுபோல் மூடியைத் திறந்து, நகத்துக்குள் ஒளித்துவைத்திருந்த உப்பு மணியைப் போத்தலுக்குள் விட்டேன்.

அவர் வாயைத் திறக்குமுன்பே எல்லாம் உறைந்துவிட்டது.

"வினாகிரியர், நீர் துடங்க முதலே வித்தை முடிஞ்சுது!" என்று செயலாளர் கத்தினார். சபை சிரித்தது.

வினாகிரியர் குனிந்து போத்தலைப் பார்த்தார். பிறகு போத்தலைத் தூக்கி, முன்வரிசையில் இருந்த மயிலிட்டி மீன்காரி மேரியக்காவின் கையில் வைத்தார். ஐஸ் பெட்டிக்குள் நாள்தோறும் கையை விட்டு விறைத்துப்போன விரல்கள் அவருக்கு.

"மாதாவே! சுடுது!"

"போத்தலைத் தாங்கோ அக்கா, மற்றாக்களும் பாக்கட்டும்."

"போம் அங்காலை! என்ரை விரல் இப்பதான் மடங்குது."

சபை கைபேசிகளோடு எழுந்து நின்றது. கெஞ்சி வாங்கிய போத்தலை வினாகிரியர் கொதிநீரில் வைத்து இளக்கினார். அது ஆறும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மறுபடி ஒரு மணி, மறுபடி கல், மறுபடி சூடு. கூரை அதிரக் கைதட்டினார்கள். அறை அவருக்கே, பத்திரிகைகள் முற்றத்துக்குப் போயின.

போன மாரியில்தான் அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் மாஸ்டர். போத்தலுக்கை உப்பு தானா நடந்து போகுமே?"

"பின்னை ஏன் நீங்கள் சபையிலை சொல்லேல்லை?"

"சொன்னா வெக்கத்திலை இந்தப் பக்கம் வரமாட்டியள். பிறகு நான் ஆரோடை இரசாயனம் கதைக்கிறது?"

மறுநாள் வேளைக்கே பின்னறைக்குப் போய்விட்டேன்.