புலிவாலைப் பிடித்த அணில்

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் வந்து சேர்ந்த பிறகும் புலி மட்டும் பழைய முறையிலேயே சாப்பிட்டு வந்த ஒரு காட்டில், சுருள்வாலன் என்றொரு மலை அணில் இருந்தான். காட்டிலேயே உயரமான வேங்கை மரம் அவனுடையது. மலை அணில்கள் தரையில் கால் வைப்பதில்லை. கிளைக்குக் கிளை தாவியே பிறந்து, வளர்ந்து, பேரன் பேத்தியும் எடுத்துவிடும்.

அவன் மனைவி பூவரசிக்கு மரப்பொந்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. ஆற்றுத் துறைக்கு மேலே தாழ்ந்திருக்கும் கிளையில் தலைகீழாகத் தொங்கித்தான் தண்ணீர் குடிப்பாள். புலியும் அங்கேதான் தண்ணீர் குடிக்கும். அவள் போய் வரும்வரை சுருள்வாலனுக்கு ஒரு கொட்டையைக்கூட ஒழுங்காக உடைக்க வராது. அதனால் உட்கார்ந்து யோசித்து ஒரு செயலி செய்தான். எந்தத் துறைப்பக்கம் புலியின் வால் தென்பட்டாலும், பார்த்தவர் ஒரு தட்டுத் தட்டினால் எல்லோருடைய செல்போனிலும் அந்த இடம் சிவப்பாகும். பெயர், புலிவால்.

கேட்டவர்களுக்கெல்லாம் அதைச் சும்மாவே கொடுத்தான். கூடவே ஒரு குறிப்பும் எழுதி வைத்தான். இது என் மனைவிக்காகச் செய்தது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், உத்தரவாதம் கிடையாது, பிடிக்காதவர்கள் கிளை பிரித்துக்கொள்ளலாம். கிளை பிரிப்பது என்றால் செயலியைப் படியெடுத்து, தன் இஷ்டத்துக்கு மாற்றி, தனியே நடத்திக்கொள்வது. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனாலும் மரத்தில் குடியிருப்பவன் அந்தச் சொல்லை எழுதும் முன் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

முதலில் எல்லோரும் புகழ்ந்தார்கள். புகழ்ச்சி ஒரு வாரம் நின்றது. பிறகு யானை, எழுத்து சின்னதாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியது. பெரிதாக்கினான். இவ்வளவு பெரிய எழுத்து யாருக்கு என்று கீரி கேட்டது. கரடி தன் நகத்துக்கு ஏற்ற பொத்தான் வேண்டும் என்றது. மயில், சிவப்பு தன் கண்ணுக்கு உறுத்துகிறது, மழை மேகம் மாதிரி ஏதாவது நிறம் கிடைக்குமா என்று கேட்டது. காட்டுப்பன்றி எதுவும் கேட்கவில்லை, தீர்ப்பு மட்டும் சொன்னது. அதுவும் செல்போனில் எழுதுகிற ரகமல்ல. மரத்தடிக்கே வந்து அண்ணாந்து நின்று சொல்லும்.

"யோவ் அணிலு, ஓசியில குடுக்குறேன்னா ஒப்பேத்திக் குடுக்கலாமா? நாங்க நம்பி இருக்கோம்ல."

வாரத்தில் ஒரு பொழுது யாராவது கூடமாட உதவ முடியுமா என்று சுருள்வாலன் ஒருமுறை கேட்டுப் பார்த்தான். எல்லோருக்கும் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. நரி உடனே கூட்டம் போட்டு, தன்னார்வலர்களை எப்படிப் போற்றுவது என்ற தலைப்பில் மதியம் வரை பேசியது. கூட்ட முடிவில், செயலி இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி, அதைச் சுருள்வாலனுக்கே அனுப்பி வைத்தார்கள்.

இதற்கிடையே பூவரசிக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. தாழ்ந்த கிளை ஒன்றில் சுருள்வாலன் தொடங்கிய கூடு, பாதிக்கு மேல் ஏறாமல் காகம் விட்டுப்போன கூடு மாதிரிக் கிடந்தது.

"என்னங்க, யானைக்கு எழுத்து பெருசாயிடுச்சு, கரடிக்குப் பொத்தான் பெருசாயிடுச்சு. எனக்கு வயிறு பெருசாயிட்டு வருது. கூட்டுக்கு எப்பக் கூரை போடுவீங்க?"

"இந்த ஒரு குறைய மட்டும் முடிச்சுட்டு வந்துடறேன்."

"புலிவால்னு பேர் வைக்கும்போதே நெனச்சேன். பிடிச்சவன் எங்க விட்டிருக்கான்?"

சுருள்வாலனுக்கே தெரியாத ஒன்று உள்ளே இருந்தது. விடிந்ததும் கை முதலில் குறைகளைத்தான் தேடிப் போகும். ஒரு நாள் எந்தக் குறையும் வரவில்லையென்றால் நிம்மதிக்குப் பதில் பயம் வரும், நம்மை மறந்துவிட்டார்களோ என்று. நான் செய்வது சேவையா, அல்லது என் பெயர் நாலு பேர் வாயில் அடிபட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்ற அரிப்பா என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்வான். பதில் வருவதற்குள் யானையிடமிருந்து இன்னொரு குறை வந்துவிடும்.

ஒரே ஓர் ஆறுதல் உண்டு. துறைவாசி என்ற பெயரில் யாரோ ஒருவர் எழுதுவார். எழுத்தில் அப்படி ஓர் ஒழுங்கு. எங்கே, எப்போது, என்ன எதிர்பார்த்தார், என்ன நடந்தது என்று கோர்வையாக எழுதி, கடைசியில் தங்கள் உழைப்புக்கு நன்றி என்று முடிப்பார். ஒருமுறை இப்படி எழுதியிருந்தார்: "வடக்குத் துறையில் புலி இல்லை என்று காட்டியது. கூட்டம் இருக்கும் என எதிர்பார்த்துச் சென்றேன். யாருமில்லை. எந்தத் துறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் காட்டினால் நன்றாக இருக்கும். அவசரமில்லை. தங்கள் உடல்நலம்தான் முக்கியம்."

சுருள்வாலனுக்குக் கண் கலங்கியது. பாவம், தனிமையில் வாடும் ஜீவன் போலிருக்கிறது என்று நினைத்தான். யானைக்கு ஒரு மாதம் இழுத்தடித்தவன் இதை அன்றைக்கே செய்து கொடுத்தான். அதன் பிறகு மான்களில் சிலர் குறை அனுப்புவதை அடியோடு நிறுத்தினார்கள். திருப்தி அடைந்துவிட்டார்கள் என்று எண்ணி மகிழ்ந்தான்.

முதல் தூறல் விழுந்த அன்று காலை, கூட்டுக்குக் கூரை போடுவதற்கென்று இலை பறித்து வைத்துவிட்டு நிமிர்ந்தான். கீழே காட்டுப்பன்றி நின்றது. மழையில் செயலி திறக்க நேரமாகிறதாம்.

"பொறுப்பிருக்காய்யா உனக்கு? பொண்டாட்டி, கூடுன்னு உக்காந்துட்டா காட்டை யாரு பாக்குறது?"

சுருள்வாலன் கையிலிருந்த இலையைப் பார்த்தான். பன்றியைப் பார்த்தான். செயலியை நிறுத்தினான். யார் எதை எழுதிக் கேட்டாலும் தானாகவே போகும்படி ஒரே ஒரு பதிலை அமைத்தான்: "நான் ஓய்ந்துவிட்டேன். வேண்டுமானால் கிளை பிரித்துக்கொள்ளுங்கள்."

மறுநாள் பொழுது விடிந்ததும் மரத்தடியில் திருவிழாக் கூட்டம். யானை முன்னால் நின்றது. அதன் முகத்தில் உண்மையான வருத்தம்.

"தம்பி, ஓய்ஞ்சுட்டேன்னு போட்டிருந்தே. மனசுக்குக் கஷ்டமா இருக்கு. எந்தக் கிளைன்னு மட்டும் சொல்லிடு, ஒன்னையத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

அந்தக் கிளை இந்தக் கிளை அல்ல என்று சுருள்வாலன் விளக்கப் பார்த்தான். யானை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மரத்துல வேற என்னப்பா கிளை இருக்கு?" என்றது. அவரே கைப்பட எழுதிக் கொடுத்த பிறகு பேச்சை மாற்றுவது பண்பல்ல என்று நரி கூட்டத்துக்கு எடுத்துச் சொன்னது. யானை துதிக்கையை நீட்டி முறித்த முதல் கிளையிலேயே மரம் அதிர்ந்தது. அப்புறம் ஆளுக்கொன்று. நரிக்குக் கைக்கடக்கமான ஒரு கொம்பு. மயிலுக்குத் தளிர் விட்ட ஒன்று. கரடி ஏறி வந்து, பூவரசி பதறி உச்சிக்கு ஓட, கூடு இருந்த கிளையையே ஒடித்தது.

"இதுல பாதி வேலை முடிஞ்சிருக்கு. மீதிய நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கியது.

வெயில் ஏறுவதற்குள் வேங்கை மரம் நட்டுவைத்த கம்பம் போல ஆகிவிட்டது. யானை தன் கிளையை வீட்டு வாசலில் ஊன்றி, புலி வந்தால் அது சொல்லும் என்று பக்கத்திலேயே காத்திருந்தது. மாலைக்குள் சுருள்வாலனுக்குக் குறைகள் வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் ஒரே சேதிதான். கிளை வேலை செய்யவில்லை.

அவற்றைப் படிக்கும் நிலையில் அவன் இல்லை. பக்கத்து மரம் ஒரு தாவலுக்கு அப்பால் போய்விட்டது. பூவரசிக்கு எந்த நேரமும் வலி எடுக்கலாம். மழை கனத்து இறங்கப் போகிறது. கூடில்லாமல் மொட்டைக் கம்பத்தின் உச்சியில் குட்டிகள் ஒரு மழைக்குத் தாங்காது. தரையில் இறங்கித்தான் அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். இறங்கலாமா? புலி எங்கே?

வாழ்க்கையில் முதல் முறையாக அவனுக்குப் புலிவால் உண்மையிலேயே தேவைப்பட்டது. படபடப்பில், நிறுத்தியது தான்தான் என்பதையும் மறந்து, செயலியைத் திறந்து எழுதினான்: "அவசரம். புலி எங்கே? உடனே பதில் தேவை. நம்பி இருக்கிறோம்."

பதில் உடனே வந்தது. நான் ஓய்ந்துவிட்டேன். வேண்டுமானால் கிளை பிரித்துக்கொள்ளுங்கள்.

"இங்கேதான் இருக்கிறேன்" என்றது கீழிருந்து ஒரு குரல். "வணக்கம். நான்தான் துறைவாசி."

புலி மரத்தடியில் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. வயிறு ஒட்டியிருந்தது. செயலி நின்றதிலிருந்து எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டும் காற்றை மோப்பம் பிடித்துக்கொண்டும் நடக்கிறார்களாம். செல்போனைப் பார்த்தபடி நேராக வந்து மோதியவர்கள் இப்போது இலை அசைந்தாலே ஓடுகிறார்களாம். தனக்குக் குறை ஒன்றுமில்லை, செயலியைத் திரும்ப ஓட்டினால் நல்லது, அவசரமில்லை என்றது.

சுருள்வாலனுக்கு அப்போதுதான் மான்களின் திருப்தி புரிந்தது. "உங்களுக்காக நான் பொய் காட்ட மாட்டேன். தலையை எண்ணிக் காட்டுறதையும் எடுத்துடுவேன்" என்றான்.

"தாராளமாக எடுத்துவிடுங்கள். உண்மையையே காட்டுங்கள். காலையில் இங்கே வந்த கூட்டத்தைப் புதருக்குள்ளிருந்து பார்த்தேன். இப்படியொரு கூட்டத்தை நான் எந்தத் துறையிலும் பார்த்ததில்லை. நான் இந்த மரத்தடியிலேயே இருந்துகொள்கிறேன். நீங்கள் இருவரும் நிம்மதியாக அடுத்த மரத்துக்குப் போகலாம். நேரில் வந்து யாரும் உங்களைத் திட்டவும் மாட்டார்கள்." புலி அண்ணாந்து மரத்தைப் பார்த்தது. "வேங்கை மரம். பெயரளவில் எனக்கும் பாத்தியதை உண்டு."

சுருள்வாலன் பூவரசியைப் பார்த்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையத்தானே காட்டப் போறீங்க" என்றாள்.

பக்கத்து மரத்தில் கூடு எழுந்தது. மழைக்கு முன் கூரையும் போட்டாகிவிட்டது. புலிவால் மறுபடி ஓடியது. அணிலின் பழைய மரத்தடி பகல் முழுவதும் சிவப்பாக இருந்தது. அதன் கீழே, புலி இங்கேயே இருக்கிறது, நேரில் வராதீர்கள் என்று யானைக்கும் தெரியும் அளவில் எழுதியும் வைத்தான்.

காட்டுப்பன்றி அதைப் பார்த்தது, படிக்கவில்லை. எப்போது பார்த்தாலும் ஒரே இடம் சிவப்பாக இருந்தால் அது பிழையில்லாமல் வேறென்ன? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பியது.

அது வருவதைச் சுருள்வாலன் மேலிருந்து பார்த்தான். கத்தலாமா என்று நினைத்தான். எழுதித்தான் வைத்திருக்கிறோமே என்றும் நினைத்தான். இரண்டில் எது தன் குரல் என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் கீழே விஷயம் முடிந்துவிட்டது.

கூட்டுக்குள் குட்டிகள் கண் விழிக்காமல் முட்டிக்கொண்டிருந்தன. செல்போன் ஒருமுறை மினுங்கியது. துறைவாசி எழுதியிருந்தார்: "செயலி எதிர்பார்த்தபடியே வேலை செய்கிறது. தங்கள் உழைப்புக்கு நன்றி."

நீதி: இலவசமாக உழைப்பவனுக்கு நன்றி சொல்ல என்றைக்காவது ஒருவர் வரத்தான் செய்வார். அவருடைய வாலை உற்றுப் பார்ப்பது நாகரிகமல்ல.