இருபத்துநாலு கொடுக்காத நோட்டீஸ்

ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைக்க உலகத்திலேயே அதிக நேரம் எடுத்துக்கொண்டவர் எங்கள் இருபத்துநாலுதான். புதுமணப்பெண்கூட அவ்வளவு தயங்கியிருக்கமாட்டாள்.

நெய்வேலியில் பெர்மனென்ட் ஆனவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு, சுற்றிலும் மாமரம் உண்டு. என்னைப் போன்ற காண்ட்ராக்ட் ஆட்களுக்கு டவுன்ஷிப்பை ஒட்டிய லைன் வீடுகள்தான். நான் குடியிருந்த லைனில் பன்னிரண்டு வீடுகள். எல்லாவற்றுக்கும் ஓனர் வடலூரில் இருந்தார். அவர் சார்பில் எங்களை மேய்த்தவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர்தான் இருபத்துநாலு. ஒரு காலத்தில் கோர்ட் அமீனாவுக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு திரிந்தவராம். அங்கிருந்து ஒரே ஒரு சட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்: வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் ஓனரோ ஓனரின் ஆளோ நுழைவதாக இருந்தால் இருபத்துநாலு மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்லவேண்டும். அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டுக் கலைவாணி அக்காவின் சமையலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் கூரைவரை பீய்ச்சியடித்தது. தகவல் போனதும் இருபத்துநாலு சைக்கிளில் பறந்து வந்தார். வந்தவர் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கார்பன் பேப்பரை வைத்து, "மேற்படி வீட்டின் மேற்படி குழாயில் மேற்படி ஒழுகலைப் பார்வையிட நாளை காலை" என்று எழுத ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, தண்ணி நடுவூட்டுக்கு வந்துடுச்சு! உள்ள வாங்கண்ணே!"

"வரக்கூடாதும்மா. நாளைக்கு இதே நேரத்துக்கு வர்றேன்."

நான்தான் உள்ளே போய் வால்வைத் தேடினேன். எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று அவர் வாசலிலிருந்தே கத்திக்கொண்டிருந்தார். முழுக்க நனைந்து வெளியே வந்த என்னிடம் நோட்டீஸில் சாட்சிக் கையெழுத்து வேறு வாங்கினார்.

இன்னொரு நாள் நாலாம் நம்பர் வீட்டில் சாரைப்பாம்பு புகுந்தது. எல்லாரும் கழியோடு ஓட, இவர் பேனாவைத் திறந்தார். "பாம்பு என்ன நோட்டீஸ் குடுத்துட்டா வந்துச்சு?" என்று யாரோ எரிந்து விழுந்தார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அது ஓனரோட ஆளு இல்லீங்களே."

சிரித்தோம்தான். ஆனால் மற்ற லைன்களில் ஓனர்கள் கேட்காமல் அடுப்படிவரை வந்து, குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார்கள். எங்கள் லைனில் பெண்கள் கவலையில்லாமல் மதியம் கண்ணயர்ந்தார்கள். அதற்காகவே அந்த மனிதரை நான் மதித்தேன்.

அவரிடம் இன்னொரு விதியும் இருந்தது. ஷிப்ட் ஊரில் அதைத் தவிர்க்க முடியாது. நைட் ஷிப்ட் முடித்தவன் தூங்கினால் எங்கள் தெருவில் மீன்காரர்கூடக் குரல் கொடுக்கமாட்டார். இருபத்துநாலு ஒரு படி மேலே போனார். நோட்டீஸை அக்ரிமென்ட்டில் பேர் போட்ட ஆளின் கையில்தான் கொடுப்பார், அதுவும் அந்த ஆள் முழித்திருக்கும்போதுதான். கதவில் ஒட்டலாமே என்றால், "அது ஆள் ஓடிப்போனாத்தாங்க" என்பார்.

இந்த நிலையில்தான் என் வீட்டுக்கே காலி நோட்டீஸ் வந்தது. ஓனரின் மச்சானுக்கு வீடு வேண்டுமாம். கையில் கொடுத்த நாளிலிருந்து ஏழு நாள். என் மகள் மலருக்கு ப்ளஸ் டூ பரீட்சை முடிய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. நடுவில் மூட்டை கட்டினால் அவள் படிப்பு என்னாகும்?

அன்று காலை நான் நைட் ஷிப்ட் முடித்து நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி சரசு வாசலில் நின்று விஷயத்தைச் சொல்லி அழுதிருக்கிறாள். அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் வந்தபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், உடம்பு அசதியா இருக்கா?"

"இல்லீங்களே."

"இருக்கும். படுங்க."

சரசு என் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கிக் கட்டிலில் தள்ளினாள். அவர் செல்போனை எடுத்தார். "ஓனருங்களா? ஆள் படுத்துக்கினு இருக்காருங்க. கண்ணு..." என்று நிறுத்தி, போனைப் பொத்திக்கொண்டு, "கண்ண மூடுங்க சார், நான் பொய் சொல்லமாட்டேன்" என்றார். மூடினேன். "மூடிதாங்க இருக்கு" என்று போனில் முடித்தார்.

இப்படியே தினம் நடந்தது. பர்ஸ்ட் ஷிப்டுக்கு மாறிய பிறகும் அவர் தலை தெரிந்ததும் நான் படுத்துவிடுவேன். என் வாழ்நாளில் அவ்வளவு தூங்கியதில்லை.

பத்தாம் நாள் ஓனரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மலர் உள்ளே வேதியியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அந்தப் பரீட்சை. இருபத்துநாலு வாசல்படியில் குறுக்கே நின்றார்.

"நானே குடுத்துக்கிறேன். தள்ளுய்யா!"

"உள்ள வர்றதுக்கு நோட்டீஸ் குடுத்தீங்களா?"

"என் வூடுய்யா இது!"

"உங்க வூடுதாங்க. உள்ள இருக்கிறது அவுரு குடும்பம்."

"உன்னை வேலைய வுட்டே தூக்கிடுவேன்."

"தூக்குங்க. அதையும் எழுத்துல குடுத்துடுங்க."

நான் கட்டிலில் கண்ணைத் திறக்காமல் கிடந்தேன். மோட்டார் சைக்கிள் கிளம்பிப்போகும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் மலர் பக்கத்தைத் திருப்பினாள்.

கடைசிப் பரீட்சை முடிந்து அவள் வீட்டுக்குள் நுழைந்த அரைமணி நேரத்தில் அவர் வந்தார்.

"சார், முழிச்சிக்கினு இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

நோட்டீஸை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டிவிட்டு என் கையில் கொடுத்தார். கையெழுத்துப் போடும்போது, "எங்களுக்காக இவ்வளவு செஞ்சிருக்கீங்களே" என்றேன்.

"நான் என்னங்க செஞ்சேன்? நீங்கதான் தூங்கினீங்க" என்றார். பிறகு மலரைப் பார்த்து, "சுளுவா இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். அவள் தலையாட்டியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏழாம் நாள் காலி செய்தோம். அந்த வாரமே ஓனர் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார் என்று கலைவாணி அக்கா பிறகு சொன்னார். ரிசல்ட் வந்தபோது இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். அவர் குள்ளஞ்சாவடிப் பக்கம் போய்விட்டார் என்றார்கள். அங்கேயும் போய்க் கடைகடையாக விசாரித்தேன். அவருடைய நிஜப்பெயர் தெரியாமல் என்னவென்று விசாரிப்பது?

அதற்குப் பிறகு ஐந்து வீடு மாறிவிட்டேன். எந்த வீட்டை விட்டு வந்ததிலும் எனக்கு வருத்தமில்லை. அந்த மனிதரை விட்டுவிட்டதில்தான் இன்னும் வருத்தம்.