பள்ளம்னா பள்ளமில்லீங்க மாமா

தெரியுமுங்க மாமா. படிப்பப் பாதியில உட்டவனுக்குத் தண்ணியப் பத்தி என்ன தெரியும்னு, உங்களப் பாக்க வந்த கண்டக்டர் தனபால் அண்ணங்கிட்டக் கேட்டீங்களாமா, அதுக்குத்தான் சொல்றேன், தெரியும். தண்ணியும் எந்தக் காலேஜுக்கும் போகல, ஆனாலும் எந்தப் பக்கம் எறங்கோணும்னு அதுக்குத் தெரியுது.

கும்புடறேன்னு மொதல்ல போட்டிருக்கோணும், மறந்துட்டேன். சேந்தமங்கலத்து மாணிக்கம் மாமாவுக்கு, மலைமேல தேவனூர் நாட்டுலருந்து அக்கா மவன் சதீஷ்குமார் கும்புட்டு எழுதிக்கறதுங்க. இங்க அம்மாவும் ஆடும் நல்லா இருக்குதுங்க. உங்க காலு எப்படின்னு கேக்க எனக்கு யோக்கியதை இல்ல, இருந்தாலும் கேக்கறேன்.

லெட்டர் எதுக்குன்னா, நீங்க என் நம்பர பிளாக் பண்ணீட்டீங்க. அத்தை போன்லயும் பண்ணீட்டீங்க. பக்கத்து ஊட்டு முரளி போன்லருந்து கூப்புட்டா, என் கொரலக் கேட்டதும் ராங் நம்பர்னு வெச்சது நீங்கதான், உங்க இருமல் எனக்குத் தெரியாதா. இப்ப டவரும் படுத்துக்கிச்சு. மலையில ரெண்டு துளி உழுந்தா மொதல்ல சாவறது டவருதான்.

விசயத்துக்கு வாரேன். உங்களுக்கு அந்த ஊட்டு எடத்த வித்தவரு ஏமாத்தவே இல்லீங்க. "இது பள்ளத்து எடமுங்க"ன்னு வாயத் தொறந்து சொன்னாரு. நீங்க மலையில பொறந்தவரு, உங்களுக்குப் பள்ளம்னா தாழ்வான எடம். கீழ அவங்களுக்குப் பள்ளம்னா ஓடை. அவரு ஓடைன்னாரு, நீங்க குழின்னு நெனச்சு லோடு லோடா மண்ணக் கொட்டி ஊட்டக் கட்டீட்டீங்க. அது எந்த ஓடைன்னாவது தெரியுமுங்களா? சின்ன வயசுல டவுசரக் கழட்டி வெச்சுட்டு நீங்க குதிச்ச அதே ஆட்டுக்கால் ஓடை. மலையெறங்கி வந்து பசுமை நகர் மூணாவது குறுக்குத் தெருன்னு பேர மாத்திக்கிச்சு. வருசத்துல பாதிக்கு மேல காஞ்சு கெடக்கறதுனால யாருக்கும் சந்தேகம் வரல. நீங்க அதுக்கு நடுவுல சோபா போட்டு உக்காந்திருக்கீங்க.

வெள்ளம் வருதுன்னு நான் முன்ன கூப்புட்டதெல்லாம் பொய்யில்லீங்க. இங்க ஊத்துச்சு, அங்க வெயிலு. என்னத் திட்டிக்கிட்டே பயந்து பிரிட்ஜ மாடிக்கு ஏத்துனீங்க, தண்ணி வரல, தெருவே சிரிச்சுச்சு, எறக்கும்போது பிரிட்ஜ் உங்கள முந்திக்கிச்சு, காலு போச்சு. அப்பறம் உங்க மவ யமுனாவப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கும் கூப்புட்டேன், மழை என்ன நல்ல நாள் பாத்தா பேயும்? மாப்பிள்ள ஊட்டுக்காரங்களே உங்கள மாவுக்கட்டோட சேர்ல தூக்கிட்டுப் போய் மொட்ட மாடியில வெச்சாங்களாமா. மாப்பிள்ளையோட அப்பா கையில பஜ்ஜியோட நாலாப்பக்கமும் பாத்துட்டு, "ஏனுங்க, பள்ளத்துல ஊடு கட்டியிருக்கீங்க"ன்னாராமா. நீங்க பெருமையா, "மண்ணு போட்டு மேடாக்கீட்டமுங்க"ன்னீங்களாமா. மிச்ச பஜ்ஜியத் தட்டுல வெச்சுட்டுப் போனவருதான். அதுக்கு நீங்க, மொறைப்பொண்ண நானே கட்டிக்கறதுக்காகத்தான் மழைன்னு பொரளி கெளப்பறேன்னு ஊரெல்லாம் சொல்லீட்டிருக்கீங்க. யமுனாவுக்கு என்னப் புடிக்காதுங்க, அவளே சொல்லீட்டா. அது முடிஞ்ச கதை.

அப்பெல்லாம் தண்ணி ஏன் கீழ வரலன்னா, மேல இருக்கற தடுப்பணை புடிச்சு வெச்சுக்கிச்சு. இன்னிக்குக் காத்தால போய்ப் பாத்தேன், அணையில தண்ணி நிக்க எடமில்ல, முழுக்க மண்ணு. சாமை வெதைச்ச காட்டுலயெல்லாம் இப்ப குச்சிக்கெழங்கு, நம்ம காடும் சேத்தி. கெழங்கு புடுங்குன சரிவு புட்டு மாதிரி கெடக்கு, மழைக்கு மழை உதுந்து எறங்குது. தண்ணி அணைக்கு மேல ஏறிப் போகுது, செகப்பாப் போகுது, ஒரு பக்கம் கரைய அரிக்குது, அது ஒடஞ்சா மொத்தமும் ஒரேயடியா கீழதான். பொறந்த ஊட்டுலருந்து சீர் வருதுன்னு நெனச்சுக்காதீங்க, நம்ம காட்டு மண்ணுதான் உங்க ஊட்டுக்கு வருது.

அங்க இப்பவும் வெயிலாத்தான் இருக்கும். வானத்தப் பாக்காதீங்க. அத்தையாலயும் யமுனாவாலயும் உங்களத் தூக்க முடியாது, தெருவுல ஆளக் கூப்புட்டு மேட்டுப் பக்கம் போயிருங்க. சிரிக்கறவன் சிரிக்கட்டும். பிரிட்ஜத் தொடாதீங்க.

இத தனபால் அண்ணன் பஸ்ல குடுத்து உடறேன். பஸ்ஸு எழுபது கொண்டை ஊசி வளைவும் சுத்தி வரோணும். தண்ணிக்கு வளைவு கெடையாது. அதான் ஒரு மாதிரியா இருக்கு. உங்க காலு கூடி, யமுனாவுக்கு மேட்டுல ஊடு இருக்கற மாப்பிள்ளையாக் கெடைக்கோணும்னு அறப்பளீஸ்வரரக் கும்புட்டுக்கறேன்.

இப்படிக்கு,
உங்க காலு போகக் காரணமான
சதீஷ்குமார்

பி.கு: மேல எழுதுனதெல்லாம் வீணுங்க. ரோட்டுல மண்ணு சரிஞ்சுருச்சாம், பஸ் கெளம்பாது, தனபால் அண்ணன் சீட்டுல படுத்துத் தூங்கறாரு. அணைக் கரை இன்னும் நிக்குதுன்னு அம்மா பாத்துட்டு வந்து சொல்லுது, எத்தன நேரத்துக்குன்னு அதுக்குத் தெரியல. நீங்க மொளகு தூக்கிட்டுச் சந்தைக்கு எறங்குன பழைய பாதை, அதான் ஓடையோரமா போறது, அதுலதான் எறங்கறேன். அம்மா வேண்டாம்னு கையப் புடிக்குது. லெட்டரக் கவர்ல போட்டு இடுப்புல சொருகிக்கிட்டேன், வாயில சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. கதவத் தட்டுனா ராங் நம்பர்னு மட்டும் சொல்லீராதீங்க மாமா. போகோணும். வாரேன்.